பாயும் கயிறும்: 'தாகாபாவ்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024-இல் வெனிஸ் பியெனாலே கலைவிழாவில் 'தாகாபாவ்' என்ற நிறுவல் கலையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, யாரிடம் என்ன பேசினாலும் கடைசியில் அதில்தான் வந்து நிற்கிறேன். கேட்பவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைக்கும் நல்லது.

தாகாபாவ் என்றால் என்ன? யார் செய்தது?

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து செய்தது. எரேனா அராப்பேரே-பேக்கர், சாரா ஹட்சன், பிரிஜெட் ரெவெட்டி, டெரி தே டாவ் என்பது அவர்கள் பெயர். 2012-இலிருந்து 'மாத்தாஹோ கலெக்டிவ்' என்ற ஒரே பெயரில் வேலை செய்கிறார்கள், எந்தப் படைப்பிலும் இந்தப் பகுதி என்னுடையது, அது அவளுடையது என்று பிரித்துச் சொல்வது கிடையாது. தாகாபாவ் முதலில் 2022-இல் வெலிங்டனில் உள்ள தே பாப்பா தேசிய அருங்காட்சியகத்துக்காகச் செய்யப்பட்டது. பிறகு வெனிஸ் போய், 60-ஆவது பியெனாலேயின் மையக் கண்காட்சியில் சிறந்த பங்கேற்பாளருக்கான தங்கச் சிங்கம் விருதை வாங்கியது.

மாவோரி மொழியில் தாகாபாவ் என்றால் நுணுக்கமாகப் பின்னப்பட்ட பாய். சடங்குகளுக்கானது, முக்கியமாகப் பிரசவத்துக்கு. குழந்தை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் அந்த இடத்தில் விரிக்கிற பாய்.

எதில் செய்திருக்கிறார்கள்? கோரையா, தாழையா?

இரண்டும் இல்லை. லாரியில் சரக்கு ஏற்றிவிட்டு மேலே இழுத்துக் கட்டுவார்களே, லாஷிங் பெல்ட், அதேதான். பாலியெஸ்டர் பட்டை, எஃகு பக்கிள், இரண்டு முனையிலும் கொக்கி. இரவில் ஹெட்லைட் பட்டால் பளிச்சென்று திருப்பி அடிக்கும் ரகம். இதை ஒரு பெரிய கூடத்தின் சுவருக்குச் சுவர், மூலைக்கு மூலை இழுத்து, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே ஓடவிட்டு, தலைக்கு மேலே பாய் பின்னியிருக்கிறார்கள். பக்கிளில் இழுத்து முறுக்கிய விறைப்பு ஒன்றுதான் மொத்தத்தையும் தாங்குகிறது.

"இதெல்லாம் ஒரு கலையா, எங்கள் டிரான்ஸ்போர்ட்டிலேயே நூறு பெல்ட் கிடக்கிறதே" என்று என் மாமா கேட்டார். கிடக்கட்டும் மாமா, அதுதான் விஷயமே. கடையில் விற்கும், உழைப்பவர் கையில் தினமும் புழங்கும் ஒரு பொருளை எடுத்து, பாட்டிமார் கோரையில் போட்ட அதே பின்னலைப் போடுகிறார்கள்.

உள்ளே போனால் என்ன நடக்கிறது?

ஒன்றும் நடக்கவில்லை, அதனால்தான் எனக்குப் பிடித்தது. திரை இல்லை, அலைச் சத்தம் இல்லை. அதன் அடியில் நடக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் மேலே இருக்கும் விளக்குகள் அந்தப் பட்டைகளில் பட்டுத் தெறிப்பதால் நாம் ஓர் அடி நகர்ந்தால் ஒரு வரிசை மினுங்குகிறது, இன்னோர் அடிக்கு அது அணைந்து பக்கத்து வரிசை எழுகிறது. பட்டைகளின் நிழல் சுவரிலும் தரையிலும் இன்னொரு பாயாக விழுகிறது. கொஞ்ச நேரம் அண்ணாந்தே நடந்தால் எது பட்டை, எது நிழல் என்று கண்ணுக்குச் சண்டை வந்துவிடும். விருதுக்குழு இதைக் கருப்பைக்கு ஒப்பிட்டது. எனக்கென்னவோ பெரிய படகொன்றின் அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பது போல இருந்தது. அப்புறம் கழுத்து வலித்தது.

அப்படியானால் இது படகைப் பற்றிய படைப்பா?

இல்லை, நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் இது பாயைப் பற்றியது. கடலோடு அதைக் கோப்பது நான். ஆனால் தமிழில் யோசிக்கிற யாருக்கும் அது தானாகக் கோத்துக்கொள்ளும்: நாம் படுப்பதும் பாய், கப்பல் ஓடுவதும் பாய். பாய்மரம் என்று சொல்லும்போது யாரும் படுக்கிற பாயை நினைப்பதில்லை, சரி. ஆனால் பசிபிக்கில் அது வெறும் சொல் ஒற்றுமை இல்லை. அங்கே பல தீவுகளில் ஆஸ்ட்ரோனேசியர்கள் தாழை இனத்து ஓலையை உலர்த்தி, கீறி, வீட்டுக்குப் பாய் பின்னிய அதே முறையில் படகுக்கும் பாய் பின்னினார்கள். துணியே இல்லாமல் உலகத்தின் மிகப் பெரிய கடலைத் தாண்டியது ஓலைப்பாயால்தான். கடலோடிகள் என்றதும் மீசை முறுக்கிய மாலுமி கண்ணில் வருகிறானே தவிர, உட்கார்ந்து ஓலை பின்னிய விரல்கள் வருவதில்லை.

இன்னொன்று, வெனிஸில் அதைக் கட்டிய இடம். ஆர்செனாலே என்பது வெனிஸ் குடியரசின் பழைய கப்பல் கட்டும் தளம். அங்கே கண்காட்சி நடக்கும் நீளமான கட்டடத்துக்குக் கோர்தெரியே என்று பெயர், 300 மீட்டருக்கு மேல் நீளம், 16-ஆம் நூற்றாண்டில் திருப்பிக் கட்டியது. பெயருக்கு அர்த்தம் கயிற்றுச்சாலை. கப்பல்களுக்குச் சணல்கயிறு திரித்த இடம் அது, அதனால்தான் அத்தனை நீளம். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்றது நான்கு மாவோரிப் பெண்கள் இழுத்துக் கட்டிய பட்டைகள். யார் யோசித்து அங்கே வைத்தார்களோ, அவர்கள் கைக்கு ஒரு தங்கக் காப்பு போடலாம்.

ஆஸ்ட்ரோனேசியர் என்று சொல்கிறீர்களே, அது யார்?

ஒரே மொழிக்குடும்பத்தின் ஆட்கள். சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து தெற்கே இறங்கி, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று பரவி, மேற்கே மடகாஸ்கர் வரை, கிழக்கே ரபா நூயி (ஈஸ்டர் தீவு) வரை, வடக்கே ஹவாய், தெற்கே நியூசிலாந்து வரை போய்ச் சேர்ந்தவர்கள். நியூசிலாந்துதான் கடைசிப் பெரிய நிலம், அங்கே மனிதக் காலடி பட்டதே ஏறக்குறைய 13-ஆம் நூற்றாண்டில்தான். நம் ஊரில் தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இவ்வளவு தூரம் போயும் சொற்கள் விடவில்லை. மலாயில் ஐந்து 'லீமா', ஹவாயிலும் 'லீமா', மாவோரியில் 'ரீமா', மடகாஸ்கரில் 'டிமி'. கப்பல் பாய்க்கு மலாயில் 'லாயர்', தகலாகில் 'லாயாக்', மடகாஸ்கரில் 'லாய்', மாவோரியில் தேய்ந்து தேய்ந்து 'ரா'. மாவோரியில் சூரியனுக்கும் 'ரா' தான், ஆனால் அது வேறு வேரிலிருந்து வந்தது.

ஆணியே இல்லாமல் கப்பல் கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. பசிபிக் தீவுகளில் இரும்பு கிடையாது. கல்லாலும் சிப்பியாலும் மரத்தைச் செதுக்கி, பலகையின் ஓரத்தில் துளை போட்டு, தேங்காய் நாரில் திரித்த கயிற்றால் தைப்பார்கள், இரண்டு ஓடங்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைப்பதும் கயிறுதான். இதை ஏதோ வேறு வழியில்லாமல் செய்தது என்று நினைக்க வேண்டாம். ஆணி அடித்த மூட்டு அசையாது, பெரிய அலையில் முறுக்கு விழும்போது ஒன்று மரம் பிளக்கும், இல்லை ஆணி பிடுங்கிக்கொள்ளும். கட்டிய மூட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து, திரும்பப் பழைய இடத்துக்கே வரும். இரவெல்லாம் முனகிக்கொண்டே போகும் படகு அது. கயிறு தேய்ந்தால் நடுக்கடலிலேயே அவிழ்த்து வேறு கட்டிக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நியூசிலாந்துக்கு வந்து இறங்கியவர்கள் கதை. அந்தக் குளிரில் தென்னை வளராது. பாய் பின்னும் தாழையும் கிடையாது. அதாவது கயிறும் போச்சு, பாயும் போச்சு! கடலோடிகளுக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும். ஆனால் சதுப்போரத்தில் ஹாராகெக்கே என்ற வாள் போன்ற இலை கொண்ட செடி இருந்தது. அதன் இலையைக் கீறிப் பாய் பின்னினார்கள், அதையே சிப்பியால் சுரண்டி உள்ளிருக்கும் நாரை எடுத்துக் கயிறு திரித்தார்கள். கிடைத்ததை வைத்துப் பழைய பின்னலைப் போடுவது அந்தப் பெண்களுக்குப் பரம்பரைப் பழக்கம். ஹாராகெக்கேயிலிருந்து லாஷிங் பெல்ட்டுக்கு வந்தது ஒன்றும் பெரிய தாவல் இல்லை.

அந்தக் காலத்துப் படகுப் பாய் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

மாவோரிகளுடையதில் தெரிந்தவரை ஒன்றே ஒன்று. பெயரே 'தே ரா', அதாவது 'பாய்'. ஹாராகெக்கேயில் பின்னியது, ஓரத்தில் பறவை இறகு வைத்தது, நாலு மீட்டருக்கு மேல் நீளம். இருப்பது எங்கே? லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், வேறெங்கே. 2023-இல் அதை நியூசிலாந்துக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள், கடனாகத்தான். சொந்த வீட்டுப் பாயைக் கடன் வாங்கி விரித்துப் பார்த்த கதை.

'கேட்டமரன்' என்பது நம்முடைய கட்டுமரம் தானே? அப்போது அவர்கள் நம்மிடமிருந்து கற்றதா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. சொல் நம்முடையது, சந்தேகமே வேண்டாம். சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலேயர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார்கள். ஆனால் பொருள் வேறு. நம் கட்டுமரம் என்பது நாலைந்து மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. கரைக்கு வந்ததும் அவிழ்த்து மணலில் காயப்போட்டு, மறுபடி கட்டி எடுத்துப்போவார்கள். பசிபிக்கில் இருந்தது இரட்டை ஓடம், நடுவில் மேடை. ஹவாயில் அதற்கு 'வாஆ கௌலுவா' என்று பெயர். அந்த இரட்டை ஓடத்துக்கு ஐரோப்பியர்கள் நம் பெயரை ஒட்டிவிட்டார்கள், பிறகு 1876-இல் அமெரிக்காவில் ஹெர்ரஷாஃப் என்பவர் செய்த இரட்டை உடல் பந்தயப் படகுக்குப் பிறகு அந்த அர்த்தமே நிலைத்துவிட்டது.

ஆகவே "தமிழன் கற்றுக்கொடுத்தான்" என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்ப வேண்டாம். கட்டு என்ற வேலை இரண்டு பக்கமும் இருந்தது, நம் கரையில் பலகையைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும் இருந்தன. பெருமைப்பட அது போதும் என்று நினைக்கிறேன்.

கடலைப் பற்றிய கலை என்றால் நீல வெளிச்சம், நாலு சுவரிலும் அலை, நட்சத்திரம் என்று வருமே, அதைவிட இது எந்த வகையில் உயர்த்தி?

உயர்த்தி, தாழ்த்தி என்று சொல்லி அடி வாங்க விரும்பவில்லை. ஆனால் அப்படிப்பட்ட நாலைந்து காட்சிகளுக்குப் போய்விட்டுச் சொல்கிறேன்: புரொஜெக்டர் அலை கண்ணுக்கு மட்டும்தான் அலை. பசிபிக் கடலோடிக்கு அலை கண்ணில் இல்லை, உடம்பில் இருந்தது. இருட்டில் ஓடத்தின் தரையில் படுத்துக்கொண்டு, எந்தத் திசையிலிருந்து எந்த அலை வந்து படகைத் தூக்குகிறது, அதோடு குறுக்கே வரும் இன்னொன்று எங்கிருந்து என்று பிரித்துச் சொல்வார்கள். மார்ஷல் தீவுகளில் தென்னை ஈர்க்குகளை வளைத்துக் கட்டி, தீவு இருக்கும் இடத்தில் சோழி வைத்து வரைபடம் செய்தார்கள். தீவில் மோதி அலை எப்படி வளைகிறது என்பதற்கான பாடம் அது. கரையில் வைத்து மனப்பாடம் செய்துவிட்டு, வெறுங்கையோடு கடலுக்குப் போவார்கள்.

திரை வைத்தாலே மட்டம் என்றும் சொல்லவில்லை. லிசா ரெய்ஹானா என்ற மாவோரிக் கலைஞர், 1804-05-இல் பிரான்ஸில் அச்சடித்த ஒரு சுவர்த்தாளை எடுத்துக்கொண்டார். பசிபிக் மக்களைக் கிரேக்கச் சிலைகள் மாதிரி நிற்க வைத்த, பணக்கார வீடுகளில் ஒட்டுகிற தாள் அது. அதன் காட்சிப்பின்னணியை அகலத் திரையில் மெல்ல நகரவிட்டு, உள்ளே உண்மையான பசிபிக் ஆட்களை நடிக்க வைத்தார். ஆட்டம், சடங்கு, வியாபாரம், பிரிட்டிஷ் மாலுமி கேப்டன் குக் வருவது, சாவது எல்லாம் உண்டு. 2015-இல் ஆக்லாந்தில் தொடங்கி, 2017-இல் வளர்ந்து வெனிஸுக்கும் போனது. ஒரு சுற்றில் குக் வேடத்தில் ஆண், இன்னொரு சுற்றில் பெண்! அதில் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் போனது எனக்குத் தெரியவே இல்லை.

குக்கோடு 1769-இல் கப்பலேறிய துபாயா என்பவரைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். ராயாத்தேயா தீவுக்காரர், பூசாரி, வழிகாட்டி. எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளை நினைவிலிருந்து வரைபடமாகச் சொன்னவர், நியூசிலாந்தில் இறங்கியபோது அங்கிருந்தவர்களோடு தன் மொழியில் பேசினால் அவர்களுக்குப் புரிந்தது. 1770-இல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், நோயில் செத்துப்போனார். சிலை முழுக்கக் குக்குக்குத்தான்.

மாத்தாஹோவின் வேறு படைப்புகள்?

'கிகோ மோவானா'. 2017-இல் ஜெர்மனியின் காஸல் நகரத்து டாக்குமெண்டா கண்காட்சிக்காகச் செய்தது. மழைக்கு மூடும் நீலத் தார்ப்பாலின் ஷீட்டை வெட்டி, சுருக்கி, தைத்து, பதினோரு மீட்டருக்குத் தொங்கவிட்டார்கள், நீரில் வாழும் 'தானிஃபா' என்ற சக்திகளின் கதைகள் அதற்குள் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் கடல், கிட்டப் போனால் பந்தல் ஷீட்.

அந்தக் கடலோட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, மியூசியத்தோடு சரியா?

ஏறக்குறைய போய்விட்டிருந்தது, பிடித்து இழுத்து வந்தார்கள். பசிபிக் தீவுகளுக்கு மக்கள் சும்மா காற்றடித்துப் போய் ஒதுங்கினார்கள் என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆட்களே எழுதினார்கள். 1947-இல் தோர் ஹேயர்டால் தென்னமெரிக்காவிலிருந்து கோன்-டிக்கி என்ற மரமிதவையில் 101 நாள் மிதந்து போனதும் அந்த எண்ணத்துக்குத் தீனி போட்டது. (கட்டுமரத்துக்கு அக்காதான் அது, கயிற்றால் கட்டிய மரங்கள்.) இதற்குப் பதில் சொல்லத்தான் ஹவாயில் 1975-இல் 'ஹோகுலேயா' என்ற இரட்டை ஓடத்தை இறக்கினார்கள். ஹவாய்க்கு நேர் தலைக்கு மேலே போகும் சுவாதி நட்சத்திரத்தின் பெயர்.

படகு தயார், ஓட்டத் தெரிந்தவர் ஹவாயில் யாரும் இல்லை. மைக்ரோனேசியாவின் சத்தவால் என்ற சின்னத் தீவிலிருந்து மாவ் பியாய்லுக் வந்தார். 1976 மே மாதம் கிளம்பி, ஒரு கருவியும் இல்லாமல், நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டித் தஹிட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தார், கரையில் 17,000 பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். பிறகு அவரிடம் கற்ற நைனோவா தாம்ப்சன் 1980-இல் தானே வழிகாட்டிப் போய் வந்தார். 2014-லிருந்து 2017 வரை அதே ஓடம் உலகத்தையே சுற்றி வந்தது. ஓடத்தின் உடல் பிளைவுட்டும் ஃபைபர்கிளாஸும்தான், சுத்தம் பார்ப்பவர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். ஆனால் குறுக்குக் கட்டைகளை ஓடத்தோடு பிடித்திருப்பது கயிறு.

தாகாபாவை இனி எங்கே பார்க்கலாம்?

வெனிஸ் முடிந்துவிட்டது. வெலிங்டன் போகிறவர்கள் தே பாப்பாவில் இப்போது என்ன காட்சியில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள், இவ்வளவு இடம் பிடிக்கிற பொருளை எப்போதும் கட்டி வைத்திருக்க முடியாது. போட்டோவில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், நகர்ந்தால்தான் அது மினுங்கும். ஹவாய்ப் பக்கம் போனால், நட்சத்திரம் பார்த்துக் கடலோடிய கதையையும் சொல்லும் ஹீலோவின் இமிலோவா வானியல் மையத்தையும் விடாதீர்கள்.

குழந்தைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மாவ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் தாத்தா அவரைக் கடலோரக் குட்டைகளில் உட்கார வைத்து, நீர் எப்படி இழுக்கிறது என்று உடம்பால் உணரவைத்தாராம். அது நம்மால் ஆகாது. ஆனால் அந்தத் தீவுகளில் நட்சத்திரப் பாடம் நடத்திய முறை வீட்டிலேயே செய்யலாம். தரையில் ஒரு பாயை விரியுங்கள், சுற்றிலும் வட்டமாக 32 கூழாங்கல்லை வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம் எழும் இடம், அல்லது மறையும் இடம். நடுவில் படகுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையையும், வட்டத்துக்குள் தீவுக்கு ஒரு புளியங்கொட்டையையும் வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம்: அவர்கள் கணக்கில் படகு நகராது. படகு அப்படியே நிற்கும், தீவுகள்தான் ஒவ்வொரு நட்சத்திரத்தின் அடியிலும் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். என் அக்கா மகள் இதைக் கேட்டுவிட்டு, ரயிலில் உட்கார்ந்தால் மரமெல்லாம் ஓடுமே அது மாதிரியா மாமா என்றாள். அதேதான் என்றேன். அப்புறம் அவள் சிரட்டையைத் தொடவே இல்லை, தீவை ஒவ்வொரு கல்லாகப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள்.